சம்பந்தியம்மாவின் கோடைக் கவுன்

கவுனின் கழுத்துக்குள் சபீஹாவின் தலை பாதி போய் நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் இறங்கவில்லை. பச்சைத் துணிக்குள்ளிருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

"ஏங்க! பாத்துக்கிட்டே நிக்கிறீங்களே, இழுங்களேன்!"

"எதைக் காப்பாத்தணும்? தலையையா, கவுனையா?" என்று கேட்டார் முக்தார். துனீசியாவில் மொனஸ்தீருக்கும் சூஸாவுக்கும் இடையே முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். எந்த நெரிசலிலும் பதறாமல் பேசுகிற பழக்கம் அவருக்கு அங்கேதான் வந்தது.

"கவுனைத்தான்! தலை போனாப் போகட்டும்!"

அவர் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். டப், டப், டப் என்று சோளம் பொரிகிற மாதிரி ஒரு சத்தம். தலை வெளியே வந்துவிட்டது. கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்த தையல் முழுக்க அறுந்து, நூல் நூலாகத் தொங்கியது.

சபீஹா கட்டிலில் உட்கார்ந்து கவுனை மடியில் போட்டுக்கொண்டாள். "பனியன் துணிங்க இது. இழுத்தா நீளுற துணி. அப்புறம் ஏன் நீளல?"

"துணி நீண்டுச்சு. நூலுதான் நீளல."

தையலைப் பற்றி அந்த வீட்டில் அதுவரை யாரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. ஆனால் சொன்னவர் பஸ் டிரைவர் என்பதால் சபீஹா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தத் துணி போன வியாழக்கிழமை வீட்டுக்குள் வந்தது. மகன் வஜ்தி ஒரு பையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தான். அவன் கடற்கரை ஹோட்டலில் எலக்ட்ரீஷியன். மருந்துக்கடையில் வேலை செய்கிற ஹனீன் என்ற பெண்ணை அவனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை பெண் வீட்டில் குர்ஆனிலிருந்து ஃபாத்திஹா ஓதி, நிச்சயதார்த்தச் சாப்பாடு.

"ஹனீனோட அம்மா குடுத்தாங்கம்மா. வெள்ளிக்கிழமை போட்டுக்க ஒரு கோடைக் கவுன் தச்சுக் குடுக்க முடியுமான்னு கேட்டாங்க. நீங்க ஐரோப்பாவுக்கே தச்சவங்கன்னு நான்தான் சொன்னேன்."

பைக்குள் மூன்று மீட்டர் துணி இருந்தது. இலைப்பச்சை நிறம், அதில் வெள்ளை எலுமிச்சம்பூ. தொட்டால் தண்ணீர் மாதிரி வழுக்கியது. சபீஹா பையை மறுபடி மூடிவைத்தாள்.

ஐரோப்பாவுக்குத் தைத்தது பொய்யில்லை. கஸர் ஹெலாலில் ஒரு ஜீன்ஸ் கம்பெனியில் பதினாலு வருடம் வேலை பார்த்திருக்கிறாள். அந்தப் பதினாலு வருடமும் அவள் தைத்தது பின்பாக்கெட். அதிலும் வலது பாக்கெட் மட்டும். இடது பாக்கெட்டுக்குப் பக்கத்து மெஷின்காரி. ஜெர்மனியிலும் இத்தாலியிலும் எத்தனையோ பேர் அவள் தைத்த பாக்கெட்டின் மேல் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் ஒரு முழு உடுப்பைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை அவள் தைத்ததே கிடையாது.

வஜ்தி பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது தாயின் தொழில் என்ன என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். 'ஐரோப்பாவுக்கு உடை தைப்பவர்' என்று எழுதினாள். பாக்கெட் என்று எழுத அந்தக் கோட்டில் இடம் போதாது என்று தனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். அதற்குப் பிறகு பக்கத்து வீட்டுக்காரிகள் யாராவது துணியைக் கொண்டுவந்தால், "வேலையில தச்சுத் தச்சு அலுத்துப் போச்சு, வீட்ல ஊசியத் தொடறதில்ல," என்று அனுப்பிவிடுவாள். கம்பெனியை மூடிய பிறகும் அந்த அலுப்பு அவளுக்குத் தீரவில்லை.

இப்போது கேட்பவர் சம்பந்தியம்மா. அலுப்பு என்று சொல்ல முடியுமா?

அளவு கேட்கலாம் என்று ஃபோன் செய்தாள். சம்பந்தியம்மா ஜலீலா மறுமுனையில் சிரித்தாள். "அளவா? என்னங்க நீங்க! உங்கள மாதிரி கைதேர்ந்தவங்களுக்கு ஒருதரம் கண்ணால பாத்தாப் போதாதா?"

"போதும், போதும்," என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்த சபீஹா, அன்று மாலையே ஒரு டப்பா பேரீச்சம்பழ மக்ரூத் இனிப்பைத் தூக்கிக்கொண்டு ஜலீலாவின் வீட்டுக்குப் போனாள். வாசலில் வைத்தே அவளைக் கட்டிப்பிடித்தாள். ஜலீலா குள்ளம், நல்ல பூசின உடம்பு. வலது கை விரல்கள் இடது முழங்கைக்கு மேலே எதுவரை வருகின்றன என்று மனசில் குறித்துக்கொண்டாள். அது மார்பளவு. கிளம்பும்போது கண் கலங்குகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இன்னொருமுறை, கொஞ்சம் கீழே, இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள்.

"உன் மாமியார் ரொம்பப் பாசக்காரங்களா இருக்காங்களே," என்று ஜலீலா மகளிடம் சொன்னது காதில் விழுந்தது.

இடுப்பளவு மறந்துவிடக்கூடாதென்று, தெரு முழுக்க இரண்டு கையையும் வட்டமாக வளைத்துப் பிடித்தபடியே வீடு வந்து சேர்ந்தாள்.

"என்ன தூக்கிட்டு வர்ற? எனக்கு ஒண்ணும் தெரியலையே," என்றார் முக்தார்.

"பேசாதீங்க! சம்பந்தியம்மாவோட இடுப்பு இது. சீக்கிரம் ஒரு கயிறு கொண்டாங்க!"

அந்தக் கயிற்றை வைத்துத்தான் வெட்டினாள். தைக்கும்போது பழைய மெஷின் நாலு தையல் போட்டால் ரெண்டைத் தாண்டிக் குதித்தது. ஜீன்ஸ் தைக்கிற தடித்த ஊசி அது. எப்படியோ உருட்டி முடித்தாள். கழுத்து சரியாக இருக்கிறதா என்று தன் தலையை விட்டுப் பார்த்தபோதுதான் மாட்டிக்கொண்டது.

முக்தார் அறுந்த நூலை விரலில் சுற்றிக்கொண்டே, "நேராப் போயிச் சொல்லிடேன். 'எனக்கு இது வராது'ன்னு. முடிஞ்சது," என்றார்.

"எதைச் சொல்றது? பதினாலு வருஷம் பாக்கெட்டு ஒட்டினவன்னா?"

"பாக்கெட்டு ஒட்டுறது திருட்டா?"

"பாக்கெட்டு திருட்டில்லைங்க. ஐரோப்பாதான் திருட்டு." அவள் முகம் சுருங்கிவிட்டது. "வஜ்தி மூஞ்சியப் பாக்க முடியுமா என்னால?"

முக்தார் அறுந்த நூலை விரலிலிருந்து கழற்றி வைத்தார்.

மறுநாள் காலையில் சபீஹா ஃபளீலாவைக் கூப்பிட்டு அனுப்பினாள். அதே கம்பெனியில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவள். அவள் ஜிப் பிரிவு.

ஃபளீலா கவுனைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "கழுத்துல தலை போகல. அவ்வளவுதானே? ஒரு ஜிப் வச்சா எந்தத் தலையும் போகும்."

"பனியன் துணியில ஜிப்பா?"

"ஏன்டி, உன் பாக்கெட்டைப் பத்தி நான் எப்பவாவது பேசியிருக்கேனா? ஜிப்பை எங்கிட்ட விடு."

ஃபளீலாவின் வீட்டில் இருந்ததெல்லாம் ஜீன்ஸுக்கு வைக்கிற பித்தளை ஜிப்கள். மூன்றை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, பின்கழுத்திலிருந்து இடுப்புவரை அடித்துவிட்டாள். வேலை சுத்தம், குறை சொல்ல முடியாது. சபீஹா கவுனைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் திரும்பி நின்றாள். முதுகில் ஜிப் இரும்புக் கம்பி மாதிரி விறைத்து நின்றது. அதற்கு இரண்டு பக்கமும் துணி அலை அலையாகப் புடைத்து, நடுவில் ஒரு திமில் எழுந்திருந்தது.

"ஜிப்பைப் பாரு, எவ்வளவு நேரா இருக்கு!" என்றாள் ஃபளீலா.

"ஜிப்பு நேராத்தான் இருக்கு. ஒட்டகம்தான் வளைஞ்சிருக்கு," என்றார் முக்தார், நாளிதழுக்குப் பின்னாலிருந்து.

"புதுத் துணி அப்படித்தான் முறுக்கிக்கும். நனைச்சுக் காயப்போடு. எல்லாம் தன்னால படிஞ்சிரும்," என்று சொல்லிவிட்டு ஃபளீலா தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

சபீஹா நனைத்தாள். மொட்டைமாடிக் கொடியில் தோள்பட்டையில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டாள். ஈரமும் பித்தளையும் சேர்ந்து நல்ல கனம். மத்தியானச் சாப்பாட்டை முடித்துக் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு மேலே போனவள், படிக்கட்டிலேயே நின்றுவிட்டாள். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே முடிந்திருந்த கவுன், இப்போது மாடித் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நீளுகிற பக்கத்தை உடம்பைச் சுற்றி வருகிற மாதிரி வைத்து வெட்டியிருக்க வேண்டும். அவள் மேலிருந்து கீழாக வைத்து வெட்டியிருக்கிறாள். அதனால்தான் தலைக்கு வழிவிடாத துணி தரைக்கு வழிவிட்டிருக்கிறது.

பித்தளையைப் பிரித்தெடுத்தாள். கீழே நீண்ட துணியை வெட்டினாள். வெட்டிய ஓரம் பாய் மாதிரி மேலே சுருண்டது. சுருண்ட பாகத்தை வெட்டினாள். அடுத்த ஓரமும் சுருண்டது. அதை மடித்துத் தைத்தாள், மெஷின் இழுத்ததில் ஓரமெல்லாம் முட்டைக்கோஸ் இலை மாதிரி அலையடித்தது. அதையும் வெட்டினாள். கவுன் முழங்காலுக்கு ஏறியது, பிறகு டாப்ஸ் ஆனது. சாயங்கால அஸர் தொழுகைக்கு அழைப்பு வந்தபோது அது டாப்ஸாகவும் இல்லை.

வேலை முடிந்து வந்த வஜ்தி சமையலறைக்குள் எட்டிப் பார்த்தான். "அம்மா, கவுன் எந்த அளவுல இருக்கு?"

"கடைசி வேலைதான்டா பாக்கி," என்றாள் சபீஹா, அவன் பக்கம் திரும்பாமலே.

அவன் போனதும் முக்தார் அந்தத் துணியை எடுத்து விரித்துப் பார்த்தார். பிறகு மூலையிலிருந்த கேஸ் சிலிண்டருக்கு மேலே மாட்டி, கையால் நீவிவிட்டார். ஒரு சுருக்கம் இல்லை. கழுத்து வழியாக சிலிண்டரின் தலை அழகாக எட்டிப் பார்த்தது.

"இதுக்கு அளவு சரியா இருக்கு," என்றார்.

சபீஹா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று தலைத்துணியின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முக்தார் சத்தமில்லாமல் சிலிண்டரிலிருந்து துணியைக் கழற்றி மடித்து வைத்தார்.

புதன்கிழமை அவள் கஸர் ஹெலாலுக்குப் பஸ் ஏறினாள். அதே துணி இன்னும் மூன்று மீட்டர் கிடைத்தால், இந்த முறை சரியான பக்கம் வைத்து வெட்டலாம். நாலு கடை ஏறி இறங்கினாள். ஐந்தாவது கடைக்காரர் அவள் காட்டிய துண்டைப் பார்த்ததும் தலையாட்டினார்.

"இது கம்பெனி மிச்சம்மா. ஒரே ஒரு கட்டுதான் வந்துச்சு. ஒரு அம்மா அப்படியே மொத்தமா எடுத்துட்டுப் போயிட்டாங்க."

வெறுங்கையோடு மொனஸ்தீர் பஸ் நிலையத்தில் இறங்கினாள். வெயில் மண்டையைப் பிளந்தது. கொஞ்சம் நிழல் தேடிச் சந்துக்குள் ஒதுங்கினவள் தலையை நிமிர்த்தினால், எதிரே ஒரு சின்ன உடுப்புக்கடை. வாசலில், தலைக்கு மேலே, இலைப்பச்சையில் வெள்ளை எலுமிச்சம்பூப் போட்ட கவுன் ஒன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

சபீஹா கண்ணைக் கசக்கிப் பார்த்தாள். அதே பச்சை, அதே பூ. கீழ் ஓரம் ஒரு அலை இல்லாமல் கோடு போட்ட மாதிரி இருந்தது. கழுத்துப்பட்டி சுருங்காமல் தொங்காமல் அமர்ந்திருந்தது. பையிலிருந்த கயிற்றை எடுத்து இடுப்பில் வைத்துப் பார்த்தாள். சரியாக இருந்தது.

"யா அல்லாஹ், எனக்காகவா தொங்கவிட்டே?" என்று முணுமுணுத்தாள்.

கடைக்காரர் ரிதா சிரித்துக்கொண்டே வந்தார். "கடைசி ஒண்ணுதான்க்கா இருக்கு. மத்ததெல்லாம் தொங்கவிட்ட அன்னிக்கே போயிடுச்சு. வீட்டுத் தையல். யார் தச்சதுன்னு தெரியுமா? நம்ம..."

"வேண்டாம்!" சபீஹா கையை உயர்த்தித் தடுத்தாள். தைத்தவள் பேர் தெரிந்துவிட்டால் பாவம் இன்னும் கனமாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. "யாரா வேணா இருக்கட்டும். சீக்கிரம் மடிச்சுக் குடுங்க."

வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டாள். பிளேடு எடுத்து, கழுத்துக்குள் தைத்திருந்த, கடைப் பெயர் போட்ட துணிச் சீட்டை ஒவ்வொரு நூலாக அறுத்தாள். அடுத்த வீட்டுக் கோழியைப் பிடித்து இறகு பிடுங்குகிறவள் மாதிரி இருந்தது அவளுக்கு. சீட்டைக் கழற்றியதும் கவுனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதில் தன் கை பட்டது என்று சொல்ல ஒரு தையல்கூட இல்லை.

என்ன தோன்றியதோ, மீந்த பச்சைத் துணியில் ஒரு சதுரம் வெட்டினாள். பக்கத்து வீட்டில் மெல்லிய ஊசி ஒன்று கடன் வாங்கி மெஷினில் மாட்டினாள். துணி இழுபடாமல் இருக்க அடியில் காகிதம் வைத்து, கவுனின் வலது பக்கத்தில் ஒரு பாக்கெட் தைத்தாள். பாக்கெட் நீள வேண்டியதில்லை, சுருங்க வேண்டியதில்லை, இருந்த இடத்தில் இருந்தால் போதும். இரட்டைத் தையல் ரயில் தண்டவாளம் மாதிரி ஓடியது. மெஷினின் முன்னால் உட்கார்ந்து அந்த ஒரு வாரத்தில் அவள் நிம்மதியாக மூச்சு விட்டது அந்தப் பத்து நிமிஷம்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜலீலாவின் வீட்டில் ஃபாத்திஹா ஓதி முடித்ததும் ஜலீலா உள்ளே போய்ப் புதுக் கவுனை உடுத்திக்கொண்டு வந்தாள். கூடத்திலிருந்த பெண்களெல்லாம் ஒரே குரலில் "மாஷா அல்லாஹ்!" என்றார்கள். ஒருத்தி குலவையே போட்டாள்.

"என் உடம்பைப் பக்கத்துல வச்சுக்கிட்டே தச்ச மாதிரியில்ல இருக்கு!" என்றாள் ஜலீலா, கண்ணாடி முன்னால் ஒரு சுற்று சுற்றி. "வல்லாஹி, நானே தச்சிருந்தாலும் எனக்கு இவ்வளவு பொருந்தியிருக்காது."

"நான் சொன்னேன்ல?" என்று வஜ்தி எல்லாரையும் பார்த்தான். அவன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க முடியாமல் சபீஹா கம்பளத்தின் பூக்களை எண்ண ஆரம்பித்தாள்.

ஜலீலா வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன். இந்தத் துணி ஊசிக்கு அடங்காதுன்னு சொல்வாங்களே, எப்படி அடக்கினீங்க?"

"அது... பிஸ்மில்லாஹ் சொல்லி ஆரம்பிச்சா அடங்கிடும்."

"அப்படியா! கழுத்து இப்படி அழகா உக்காந்திருக்கே, அதுக்கு?"

"கழுத்தை..." சபீஹாவின் நெற்றியில் வேர்த்தது. "தைக்கிறதுக்கு முந்தி கொஞ்சம் தண்ணி தெளிச்சு... காத்தாட வச்சு... அதுங்கூடப் பொறுமையாப் பேசணும்."

"பேசணுமா?"

"மனசுக்குள்ள."

ஜலீலா கண்ணை அகல விரித்துக் கேட்டுக்கொண்டாள். சமையலறையில் ஹனீனுக்குத் திடீரென்று இருமல் வந்தது. முக்தார் தன் கோப்பையிலிருந்த புதினாத் தேநீரை, அதில் ஏதோ விழுந்துவிட்ட மாதிரி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஜலீலா பாக்கெட்டுக்குள் கையை விட்டாள். சட்டென்று பேச்சை நிறுத்தினாள். குனிந்து பாக்கெட்டை உள்பக்கம் புரட்டிப் பார்த்தாள். நகத்தால் தையலின்மேல் மெல்லக் கோடு போட்டாள்.

"இது யாரு தச்சது?" என்று கேட்டாள். குரல் வேறு மாதிரி இருந்தது.

"நான்தான்," என்றாள் சபீஹா. அன்று அவள் சொன்னதிலேயே அந்த ஒன்றுதான் நிஜம்.

"இப்படி ஒரு கோட்டை நான் பாத்ததே இல்லைங்க. ஒரு இழை அந்தண்ட இந்தண்ட போகல."

சபீஹாவுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. இரண்டு நிமிஷம்கூட இல்லை. உடனே வெட்கம் வந்து அதை அமுக்கிவிட்டது. பாக்கெட்டுக்குக் கிடைத்த புகழ் நியாயம். பாக்கெட் ஒட்டியிருந்த கவுன்?

ஜலீலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சம்பந்தி, இனிமே நாம ஒரே குடும்பம். ஒளிவு மறைவு வேண்டாம்னு நானே முதல்ல சொல்லிடறேன். என் பொண்ணுக்குச் சமைக்க வராது. குஸ்குஸ் போட்டா களியாகும், முட்டை பொரிச்சா கரியாகும். இப்பச் சொல்லாம அப்புறம் நீங்க என்னைக் கேக்கக்கூடாது பாருங்க. உங்க பக்கமும் ஏதாச்சும் இருந்தாச் சொல்லிடுங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

சபீஹா வாயைத் திறந்தாள். பாக்கெட் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து நாலு பேர் சேர்ந்து மீன் குஸ்குஸ் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "நகருங்க, நகருங்க, சூடு!" சபீஹா நகர்ந்துகொண்டாள். வார்த்தையும் உள்ளே போய்விட்டது.

"வஜ்தி குறட்டை விடுவான்," என்றாள் கடைசியில்.

சாப்பிட்டுக் கைகழுவும்போது ஜலீலா அடுத்த குண்டைப் போட்டாள். "என் தங்கச்சிங்க ரெண்டு பேரும் உங்க கவுனைப் பாத்துட்டு விடவே மாட்டேங்கிறாங்க. மூணே மூணு தச்சுக் குடுங்க. பெரியவளுக்கு நீலம், உடம்பு என்னவிடப் பெருசு. சின்னவ ஒல்லி, அவளுக்கு மஞ்சள். ஹனீனுக்கு ஒரு வெள்ளை. துணிகூட நீங்களே பாத்து எடுத்துடுங்க, உங்களுக்குத் தெரியாததா?"

திரும்பி வந்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "மூணு சிலிண்டருக்கு நான் எங்க போவேன்?" என்றார் முக்தார்.

சனிக்கிழமை முழுக்க சபீஹா யோசித்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தொழுதுவிட்டு, எது வந்தாலும் வரட்டும் என்று ஜலீலாவுக்கு ஃபோன் போட்டாள்.

"ஜலீலாம்மா, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். ரொம்ப வெக்கமா இருக்கு. அந்தக் கவுன்..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், எனக்குத் தெரியும்."

சபீஹா ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள். "தெரியுமா?"

"நேரம் பத்தல, அதானே? இதுக்குப் போயி வெக்கப்படுவாங்களா? மெதுவா, ரெண்டு மூணு நாள் எடுத்துத் தைங்க. ஐயோ, அடுப்புல பால் பொங்குது, வச்சிடறேன்!"

சபீஹா கையிலிருந்த ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்லவும் ஒரு கொடுப்பினை வேண்டும்போல.

செவ்வாய்க்கிழமை மறுபடியும் அந்தச் சந்துக்குப் போனாள். வழி முழுக்க ஒரு முடிவோடுதான் நடந்தாள். அந்த மூன்று நிறமும் அந்த மூன்று அளவும் ஒரே கடையில் கிடைக்கப்போவதில்லை. இல்லை என்று கடைக்காரர் சொன்னதும் நேராக ஜலீலாவின் வீட்டுக்குப் போய், வாசலிலேயே நின்று, பதினாலு வருடத்தையும் வலது பாக்கெட்டையும் சொல்லிவிடுவது. கல்யாணம் நின்றால் வஜ்தியின் காலில் விழுவது.

கடை வாசலில் இந்த முறை ஒன்றும் தொங்கவில்லை. எதிர்ப்பக்க நிழலில் கொஞ்ச நேரம் நின்றாள். தெரிந்தவர் யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, தலைத்துணியை நெற்றிவரை இழுத்துவிட்டு, தரையைப் பார்த்தபடியே உள்ளே போனாள்.

"தம்பி, கவுன்..." மூன்று விரலைக் காட்டினாள். "மூணு வேணும். இருக்காதுன்னு தெரியும். ஒரு நீலம், கொஞ்சம் பெருசா..."

"ஒல்லியா இருக்கிறவங்களுக்கு ஒரு மஞ்சள், சின்னப் பொண்ணுக்கு ஒரு வெள்ளை. சரியாக்கா?"

ரிதா மேசைக்கு அடியிலிருந்து, ஏற்கெனவே காகிதத்தில் சுற்றிக் கயிறு கட்டி வைத்திருந்த ஒரு பொட்டலத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

சபீஹா தலை நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்தப் பச்சைக் கவுனைத் தச்ச ஜலீலாம்மாதான் நேத்தே தச்சுக் கொண்டாந்து வச்சுட்டாங்கக்கா. 'எங்க சம்பந்தி வருவாங்க, பாவம், ரொம்ப வெக்கப்படுவாங்க, ஒரு வார்த்தையும் கேக்காதீங்க, காசை மட்டும் கேட்டு வாங்கிக்கங்க'ன்னு சொல்லிட்டுப் போனாங்க."